வாசலுக்கு நான்கு நட்சத்திரம், தொலைபேசிக்கு ஒன்று: ஓர் இங்கிலாந்துச் சிறையின் சந்திப்புச் சேவை

கல்யாண மண்டபம், கேட்டரிங், விசா வழக்கறிஞர் என்று எல்லாவற்றுக்கும் லண்டனில் இருக்கும் நம்மவர்கள் மதிப்புரை எழுதுகிறார்கள். சிறைக்குப் பிள்ளையைப் பார்க்கப் போய் வந்தவர் மட்டும் வாயைத் திறப்பதில்லை. "வேலை விஷயமாக வடக்கே போயிருக்கிறான்", "கனடாவில் மாமாவோடு நிற்கிறான்" என்று சமாளித்துவிடுகிறோம். அதனால் முதல் தடவை போகிற தாய்க்கு வழி சொல்ல ஆள் இல்லை. நான் எழுதுகிறேன், மானம் போவதாக இருந்தால் என்னோடு போகட்டும்.

என் அக்காவின் மகன், அதாவது என் பெறாமகன், இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள ஓர் ஆண்கள் சிறையில் இருக்கிறான். என்ன செய்தான் என்பது இங்கே வேண்டாம். செய்தான், நீதிமன்றம் தண்டித்தது, அதில் எங்களுக்கு முறைப்பாடு இல்லை. அக்காவுக்கு ஆங்கிலம் போதாது. ஆகவே சந்திப்புக்குப் பதிவு செய்வது, கூட்டிக்கொண்டு போவது, தொலைபேசியில் மல்லுக்கட்டுவது எல்லாம் என் தலையில். சிறையின் பெயரைச் சொல்ல மாட்டேன். பையன் இன்னும் அங்கேதான் இருக்கிறான் என்பதே அதற்குப் போதுமான காரணம்.

பதிவு இணையத்தில் நடக்கிறது, பெரிய வில்லங்கம் இல்லை. கைதியின் எண், அவருடைய பிறந்த திகதி, போகிற ஒவ்வொருவருடைய பெயர், முகவரி, பிறந்த திகதி எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். விளக்கமறியலில் இருக்கும் வரை வாரத்துக்கு மூன்று சந்திப்பு வரை உரிமை உண்டு. தண்டனை விழுந்ததும் கதை மாறிவிடும்: நான்கு வாரத்துக்கு ஒருமணி நேரச் சந்திப்பு இரண்டு, அதற்கும் முதலில் உள்ளேயிருந்து அவர் அனுமதிச் சீட்டு அனுப்ப வேண்டும். நம்மவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தகப்பன் பெயர் முன்னே, கணவன் பெயர் பின்னே, ஊரில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர் என்று நமக்கு வழக்கம். வாசலில் நிற்கிறவர் அடையாள அட்டையையும் பதிவையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவார். கடவுச்சீட்டில் இருப்பதை அப்படியே பதியுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் அங்கே செல்லாது.

சிறை மதிலுக்கு வெளியே பார்வையாளர் நிலையம் என்று ஒரு சிறு கட்டடம் இருக்கிறது. அதை நடத்துவது சிறைத் திணைக்களம் இல்லை, ஒரு தொண்டு நிறுவனம். இந்த மதிப்புரையில் நான் மனதார நட்சத்திரம் கொடுக்கும் முதல் இடம் அதுதான். அங்கே இருக்கும் வயதான வெள்ளைக்காரப் பெண்மணி அக்காவைக் கண்டதும் எழுந்து வந்து, எதையும் கேட்பதற்கு முன்னமே ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். கைப்பை, கைத்தொலைபேசி, திறன் கடிகாரம், சாவி எல்லாம் பெட்டகத்துக்குள் போக வேண்டும். பெட்டகத்துக்கு ஒரு பவுண் நாணயம் தேவை. நாணயம் இல்லாமல் நின்ற எங்களுக்கு அவர் மேசை லாச்சிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்துத் தந்தார். தொப்பி வைத்த மேற்சட்டை, கிழிந்த ஜீன்ஸ் போட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஓர் இளம் பெண்ணுக்கு அலுமாரியிலிருந்து ஒரு பழைய ஸ்வெட்டரை எடுத்து மாட்டிவிட்டார்.

அதன் பிறகுதான் மோப்ப நாய்.

அக்காவுக்கு நாய் என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர் போகும் பயம். நம் ஊர்த் தெரு நாய்களைப் பார்த்து வளர்ந்தவர் அப்படித்தான் இருப்பார். ஒரு நீண்ட அறையில் எங்களைச் சுவரோரமாக வரிசையில் நிற்கவைத்து, கைகளைத் தொங்கவிடச் சொன்னார்கள். நாயைத் தொடக் கூடாது, அதனோடு பேசக் கூடாது. வந்தது ஒரு கறுப்பு லாப்ரடோர். குரைக்கவில்லை, பாயவில்லை. ஒவ்வொருவருடைய முழங்கால் உயரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு, மரக்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்குகிற கிழவி மாதிரி நிதானமாக நடந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு சஷ்டி கவசத்தை முணுமுணுத்தார். நாய் அவரைக் கடந்து போய், இரண்டு பேர் தள்ளி நின்ற ஒரு நடுத்தர வயது மனிதருக்கு முன்னால் போய்க் குந்தியது. அவ்வளவுதான் அதன் சைகை. போதைப்பொருள் மணம் பட்டால் உட்கார்ந்துவிடும்படி அதைப் பழக்கியிருக்கிறார்கள்.

அந்த மனிதரை யாரும் அதட்டவில்லை. ஓர் உத்தியோகத்தர் அவரை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் பேசினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து பேசும் சந்திப்பு வேண்டுமானால் தரலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அவர் போய்விட்டார். குற்றம் செய்தவரா, கஞ்சா புகைக்கும் யாரோடாவது ஒரே காரில் வந்தவரா என்பது அந்த நாய்க்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாய் குந்தியதை வைத்து மட்டும் அவரைப் பிடித்துவைக்கவில்லை, தெரிவை அவரிடமே விட்டார்கள் என்பதைக் கவனித்தேன்.

அடுத்தது உலோகம் கண்டறியும் கருவி. அது அக்காவின் நெஞ்சுக்கு நேரே வந்ததும் கத்தத் தொடங்கியது. தாலிக்கொடி. யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடியின் பருமனை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; அந்தப் பெண் உத்தியோகத்தர் அப்படி ஒன்றைக் கண்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கழற்ற முடியுமா என்று கேட்டார். அக்கா இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டு, "அவர் இருக்கிறார்" என்று தமிழில் சொன்னார். அத்தான் உயிரோடு இருக்கிறார், பின் எப்படிக் கழற்றுவது என்பது பொருள். நான் மொழிபெயர்க்கத் திணறியபோது, அந்தப் பெண் தன் மோதிர விரலைக் காட்டி, "இது மாதிரியா?" என்றார். ஆம் என்றேன். திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், கொடியை வெளியே எடுத்துப் போடச் சொல்லி, கையால் தடவிப் பார்த்து, குறிப்பேட்டில் ஏதோ எழுதி அனுப்பிவிட்டார். இரண்டு நிமிட வேலை. அடுத்தடுத்த தடவைகளில் "மதச் சின்னம்" என்று நாங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறோம்.

இவ்வளவு சோதனை ஏன் என்று கோபப்படுகிறவர்களுக்குச் சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1952ஆம் ஆண்டின் சிறைச்சாலைச் சட்டத்தின்படி போதைப்பொருளை உள்ளே கொண்டுபோனால் பத்து ஆண்டு வரை சிறை. கைத்தொலைபேசியோ மதுவோ என்றால் இரண்டு ஆண்டு வரை. வேறு பல சாதாரணப் பொருள்களுக்கும் அபராதம் உண்டு. அனுமதியில்லாமல் ஒரு கடிதத்தைக் கையில் கொடுப்பதும் அதில் சேரும். அக்கா கொண்டுவர விரும்பிய புட்டும் முட்டைப் பொரியலும்கூட அந்தக் கடைசிப் பட்டியலில்தான் விழும். அதைச் சொன்னபோது அவர் என்னைத்தான் முறைத்தார்.

உள்ளே இருக்கும் பெரிய தலைவலி ஹெரோயினோ கஞ்சாவோ அல்ல, ஸ்பைஸ் என்று அழைக்கப்படும் செயற்கைக் கஞ்சா. அதில் கஞ்சாச் செடி இல்லை, புகை மணமும் அதிகம் இல்லை. இரசாயனத்தைக் கரைத்துக் கடதாசியில் ஊறவைத்துக் காயவிட்டால் சாதாரணக் கடிதம் மாதிரியே இருக்கும். அதைத் துண்டு துண்டாகக் கிழித்துப் புகைக்கிறார்கள். வெளியே மலிவாகக் கிடைப்பதற்கு உள்ளே பல மடங்கு விலை. ஒரு தாள் பல நூறு பவுண் போகும். 2016 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம் இத்தகைய பொருள்களை விற்பதைத் தடைசெய்தது. வெளியே ஒருவர் தன் சொந்தப் பாவனைக்கு வைத்திருப்பதை அந்தச் சட்டம் குற்றமாக்கவில்லை, ஆனால் சிறைக்குள் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் பல செயற்கைக் கஞ்சா வகைகளை இரண்டாம் வகுப்புப் போதைப்பொருள் பட்டியலிலும் சேர்த்தார்கள். கைதிகளின் சிறுநீரைச் சோதிக்கும் முறை 1990களின் நடுப்பகுதியிலிருந்தே இருக்கிறது. ஆனால் இரசாயனம் செய்கிறவர்கள் சூத்திரத்தைக் கொஞ்சம் மாற்றினாலே சோதனை தோற்றுவிடும். அந்த ஓட்டையை அடைக்க 2021இல் தனியாக ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

இப்போது அதைவிடக் கொடியது நிடசீன் எனும் செயற்கை அபின் வகை. வேல்ஸில் உள்ள பார்க் சிறையில் 2024இன் முற்பகுதியில் அடுத்தடுத்துப் பல கைதிகள் இறந்தபோது, அவற்றில் நான்கு மரணங்களில் நிடசீன் சம்பந்தப்பட்டிருப்பதாகப் பொலிஸ் கூறியது. செய்தி வந்த அன்று அக்கா சாப்பிடவில்லை. எங்கள் பையன் இருப்பது அந்தச் சிறையில் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் வேல்ஸ் எங்கே, நாம் எங்கே என்பது அவருக்கு மனதில் ஏறவில்லை.

கடிதச் சேவைக்கு வருகிறேன். இங்கே என் நட்சத்திரம் ஆட்டங்காண்கிறது. கடதாசியில் போதை வருவதால், நாம் அனுப்பும் கடிதத்தை நகலெடுத்து நகலைத்தான் பையனிடம் கொடுக்கிறார்கள். பல சிறைகளில் இப்போது இதுதான் நடைமுறை, நியாயமும் இருக்கிறது. ஆனால் நகலெடுப்பவர் எப்படி எடுக்கிறார் என்று ஒருவர் பார்க்க வேண்டும். எங்கள் அம்மா, அவனுடைய அம்மம்மா, எண்பதைக் கடந்தவர், பென்சிலால்தான் எழுதுவார். மூன்று பக்கம் எழுதியிருந்தார். அவன் கைக்குப் போனது சாம்பல் நிறத்தில் மூன்று தாள். அதில் வாசிக்கக்கூடியதாக இருந்தது "அன்புள்ள" என்பதும் கடைசியில் போட்ட பிள்ளையார் சுழியும்தான். (அவர் சுழியைக் கடைசியிலும் ஒருமுறை போடுவார், ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது.) பொங்கல் வாழ்த்து அட்டையும் கறுப்பு வெள்ளையில் போயிருக்கிறது. ஆகவே கறுப்புப் பேனையால், கோடில்லாத வெள்ளைத் தாளில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் சிறைக்கு மின்னஞ்சல் அனுப்பும் கட்டணச் சேவை இருக்கிறது. அவர்களே அச்சிட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

விபூதி அனுப்பாதீர்கள். சிரிக்க வேண்டாம். அக்கா சந்நிதியிலிருந்து வந்த விபூதியைக் கடதாசியில் மடித்துக் கடிதத்துக்குள் வைத்துவிட்டார், என்னிடம் சொல்லவும் இல்லை. போதைப்பொருள் தேடுகிற தபால் அறையில் வெள்ளைத் தூள் கொட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கடிதம் அவனிடம் போகவில்லை. பின்னர் சிறைக்கு வந்துபோகும் இந்து மதகுரு மூலமாக அவனுக்கு விபூதி கிடைத்தது. இங்கிலாந்துச் சிறைகளில் எல்லா மதத்துக்கும் குருமார் உண்டு, நம்மவர்கள் கேட்பதே இல்லை.

சந்திப்பு மண்டபம் பாடசாலை உணவுக்கூடம் மாதிரி இருக்கும். தாழ்ந்த மேசைகள், எதையும் மறைக்க முடியாதபடி. கைதி இருக்கும் கதிரைக்கு மட்டும் வேறு நிறம். அவர் மேலே நிற அங்கி ஒன்றும் போட்டிருப்பார். வரும்போது ஒருதரம், போகும்போது ஒருதரம் கட்டிப்பிடிக்கலாம். தமிழில் பேசலாம், எங்களை யாரும் தடுக்கவில்லை. தேநீர்க் கடையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை: தேநீர் வெந்நீர், சொக்லேட் கடைகளில் உள்ள விலையைவிடக் கூட, சூடாக்கிக் கொடுக்கும் பேர்கர் ரப்பர். பையன் அந்தப் பேர்கரை அப்படி ரசித்துச் சாப்பிட்டான். விளையாட்டு மூலையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் தங்கமானவர்கள்.

வீடியோ அழைப்பும் இருக்கிறது. அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்ததும், பதிவு செய்யாத முகம் என்று திரை உறைந்துவிட்டது. அரை மணி நேரத்தில் பாதி இப்படிப் போனது. இரண்டு நட்சத்திரம்.

இனித்தான் எனக்கு உண்மையிலேயே சொல்ல இருப்பது.

அக்கா பையனைப் பார்த்து ஒவ்வொரு முறையும் கேட்கும் முதல் கேள்வி "அடிக்கிறார்களா?" என்பதுதான். எங்கள் தலைமுறைக்குச் சிறை என்றால் கொழும்பின் வெலிக்கடை. 1983 ஜூலை 25ஆம் திகதி 35 தமிழ்க் கைதிகள், 27ஆம் திகதி 18 பேர், பூட்டிய சிறைக்குள் மற்றக் கைதிகளால் கொல்லப்பட்டார்கள். அப்போது அக்கா கல்யாண வயதுப் பெண். அவருக்குச் சிறையில் ஆபத்து என்பது கம்பும் கத்தியும், இனத்தின் பெயரால் வருவது. அவன் "இல்லை அம்மா, இங்கே யாரும் அப்படி இல்லை" என்பான், அது உண்மையும்தான். இங்கே ஆபத்து கணக்குப் புத்தகத்தில் வருகிறது.

2018 முடிவதற்குள் இங்கிலாந்தின் மூடிய சிறைகள் (திறந்தவெளிச் சிறைகள் அல்லாதவை) எல்லாவற்றிலும் புகைத்தலை நிறுத்திவிட்டார்கள். இப்போது உள்ளே காசு மாதிரி ஓடுவது மின்சிகரெட்டின் குப்பி. வாரத்துக்கு ஒருமுறை கன்ரீன் எனும் சிறைக் கடையின் பட்டியலில் குறித்துக் கொடுத்தால் பொருள் வரும். புதிதாக வந்தவனுக்கு அந்தப் பட்டியலில் வாங்கக் கணக்கில் காசு இருக்காது. வெளியிலிருந்து அனுப்பிய காசு போய்ச் சேரச் சில நாள் எடுக்கும். அந்த இடைவெளியில் ஒருவன் சிரித்த முகத்தோடு வந்து ஒரு குப்பியை நீட்டுவான். அடுத்த வாரம் இரண்டாகத் திருப்ப வேண்டும், அதற்கு அடுத்த வாரம் நான்காக. அதற்கு உள்ளே வைத்திருக்கும் பெயர் டபிள் பபிள். நம் ஊரில் மீற்றர் வட்டிக்காரன் இதைக் கேட்டால் வெட்கப்படுவான். கடன் ஏறினதும், அதைத் தீர்க்க ஒரு பொட்டலத்தை அறையில் ஒளித்து வைக்கச் சொல்வார்கள், அல்லது புதுச் சரக்கு எப்படி வேலை செய்கிறது என்று அவனையே புகைத்துக் காட்டச் சொல்வார்கள், அல்லது வீட்டுக்காரரிடம் கேட்கச் சொல்வார்கள்.

எங்களிடம் கேட்டான். அக்கா தேநீர் வாங்க எழுந்து போன நேரம், மேசையைப் பார்த்தபடியே, "சின்னம்மா, ஒரு வங்கிக் கணக்கு எண் சொல்கிறேன், எண்பது பவுண் போட்டுவிடுங்கள், அம்மாவுக்குச் சொல்லாதீர்கள்" என்றான். கணக்கு யாருடையது என்றேன். அவனுக்குத் தெரியாத ஒரு பெண்ணுடையது. கன்னத்து எலும்புக்குக் கீழே மஞ்சளாக மாறிக்கொண்டிருந்த ஒரு பழைய கண்டல் இருந்தது. கூடைப்பந்து விளையாடும்போது பட்டது என்று அதற்கு முன்தான் அக்காவிடம் சொல்லியிருந்தான்.

பார்வையாளர் நிலையச் சுவரில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. உங்கள் உறவினரின் பாதுகாப்பைப் பற்றிக் கவலையா, இந்த எண்ணுக்கு அழையுங்கள், எந்த நேரமும் என்று. கைதிகளின் பாதுகாப்புப் பிரிவின் நேரடி எண் அது. அன்று மாலையே அழைத்தேன். பதிவுக் குரல் வந்தது. பெயரையும் விஷயத்தையும் சொல்லி வைத்தேன். மறுநாள் காலையில் அழைத்தேன், அதே குரல். மதியம் அழைத்தபோது குரல்பெட்டி நிரம்பிவிட்டதாக இயந்திரம் சொன்னது. என்னைப் போல எத்தனை பேர் அதற்குள் பேசி வைத்திருந்தால் அது நிரம்பியிருக்கும்! அக்காவின் தாலிக்கொடியைத் தடவிப் பார்க்க ஓர் ஆள், நாய்க்கு ஓர் ஆள், கைரேகை எடுக்க ஓர் ஆள், மண்டபத்தின் மூலையில் கமராவைப் பார்க்க ஓர் ஆள். அந்தக் குரல்பெட்டியைத் திறந்து கேட்கத்தான் ஒருவரும் இல்லை.

வாசல் சோதனையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாசலால் வருவது எவ்வளவு? 2019இல் அரசாங்கம் 100 மில்லியன் பவுண் ஒதுக்கியது. ஆண்களுக்கான மூடிய சிறைகள் எல்லாவற்றிலும் கைதிகளை எக்ஸ்-ரேயில் பார்க்கும் இயந்திரம் வந்துவிட்டது. விழுங்கிக் கொண்டுவருவதும் அதில் தெரியும். வாசலை அடைத்தால் வானம் இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து சிறைகளைச் சுற்றி 400 மீற்றருக்குள் ட்ரோன் பறக்கவிடுவது குற்றம். பறக்கவிடுகிறவர்களிடம் இதை யாராவது சொன்னால் நல்லது. சிறைகளின் தலைமைப் பரிசோதகர் சார்லி டெய்லர் 2025 ஜனவரியில் மான்செஸ்டர் சிறை, லாங் லார்ட்டின் சிறை இரண்டையும் பற்றிய அறிக்கைகளை வெளியிட்டபோது, இந்தச் சிறைகளுக்கு மேலுள்ள வான்வெளியைக் குற்றக் கும்பல்களிடம் விட்டுக்கொடுத்தாயிற்று என்ற பொருளில் சொல்லியிருந்தார். மான்செஸ்டரில் கேத்தலின் சூடேற்றும் கம்பியை வைத்து ஜன்னலை உருக்கி ஓட்டை போட்டுப் பொட்டலத்தை உள்ளே இழுத்தார்களாம். அங்கே கட்டாயச் சோதனையில் 39 சதவீதத்தினருக்குப் போதைப்பொருள் இருப்பதாக முடிவு வந்தது. இப்படி ஜன்னலுக்கே வந்து இறங்கும் சரக்கை, முழங்கால் வலியோடு வரிசையில் நிற்கும் என் அக்காவின் சட்டைப் பையில் தேடுகிறார்கள் என்பதை நினைத்தால் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் வராது. ஊழியர்கள் வழியாகவும் வருகிறது. அவ்வப்போது பிடிபட்டு வழக்காகிச் செய்தியில் வருகிறதே.

வாங்க ஆள் இருக்கும் வரை கொண்டுவர ஆள் இருப்பான். பையனுடைய பிரிவில் ஆட்குறை வந்த வாரங்களில் நாளுக்கு 22 மணி நேரம் அறைக்குள்தான். வேலையில்லை, வகுப்பில்லை, பக்கத்துப் படுக்கைக்காரன் ஸ்பைஸ் அடித்துச் சிலையாக நிற்கிறான். இருபத்திச்சொச்ச வயதுப் பிள்ளை எதைப் பார்த்துக்கொண்டிருப்பான்? 2018இல் அப்போதைய சிறைத்துறை அமைச்சர் ரோரி ஸ்டுவர்ட் பத்துச் சிறைகளைத் தெரிந்தெடுத்து, 10 மில்லியன் பவுண் ஒதுக்கி, ஓராண்டில் போதையும் வன்முறையும் குறையாவிட்டால் பதவி விலகுவேன் என்றார். ஆண்டு முடிவதற்குள் அவருக்கு வேறு அமைச்சு கிடைத்துப் போய்விட்டார். அந்தச் சிறைகள் ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் வன்முறை குறைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இயந்திரங்களோடு சேர்த்து, உடைந்த ஜன்னலையும் மாற்றி, உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள் அங்கே.

எண்பது பவுணை நான் அனுப்பவில்லை. அனுப்பினால் அடுத்த மாதம் எண்ணூறு கேட்பார்கள் என்று பார்வையாளர் நிலையத்துப் பெண்மணி சொன்னார். இது அவர் தினமும் கேட்கும் கதை. மதகுருமார் பிரிவுக்கு அழைக்கச் சொன்னதும் அவர்தான். பிரதான எண்ணுக்கு எடுத்து, சாப்ளின், அதாவது சிறை மதகுரு, வேண்டும் என்றேன். மூன்றாவது மணியில் ஒரு மனிதக் குரல்! அங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த ஒரு பெண். நான் சொன்னதை எழுதிக்கொண்டு, திருப்பி வாசித்துக் காட்டி, அன்று பிற்பகலே அவனுடைய அறைக்குப் போனார். அதற்குப் பிறகு சில்லுகள் உருளத் தொடங்கின. கடன்காரன் இருந்த பிரிவிலிருந்து அவனை மாற்றினார்கள். யார் எவ்வளவு என்று அவன் பெயர் சொல்லவில்லை, சொல்லச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. சில மாதம் கழித்துப் போதையற்ற வாழ்வுக்கான பிரிவு என்ற ஒன்றில் இடம் கிடைத்தது. அங்கே இருக்க வேண்டுமானால் அடிக்கடி சிறுநீர்ச் சோதனைக்குச் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். பதிலுக்கு அறைக்கு வெளியே அதிக நேரம், சமையல் செய்யச் சிறு அடுப்பங்கரை. போன கிழமை சோறும் பருப்பும் காய்ச்சினானாம், பருப்பு அடிப்பிடித்துவிட்டதாம். அக்கா அதைப் பற்றியே முழு ஒரு மணி நேரமும் பேசினார், எப்போது தேங்காய்ப்பால் விட வேண்டும் என்று, தேங்காய்ப்பால் கிடைக்காத இடத்தில் இருப்பவனுக்கு.

அங்கே "லிசனர்" என்று சில கைதிகள் இருக்கிறார்கள். சமாரிட்டன்ஸ் அமைப்பு பயிற்சி கொடுத்து, மனம் உடைந்த மற்றக் கைதிகளின் பேச்சைக் கேட்க வைத்திருக்கிறது. 1991இல் ஸ்வான்சீ சிறையில் தொடங்கிய ஏற்பாடு. கண்டலோடு இருந்த நாட்களில் இரவு ஒருவர் வந்து உட்கார்ந்து கேட்டாராம். அவருக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

முதல் தடவை போகிறவர்களுக்கு இன்னும் சில. கைதான முதல் வாரமே இணையத்தில் வங்கி அட்டையால் காசு அனுப்பிவிடுங்கள். தபாலில் பணமோ காசோலையோ இப்போது எடுக்க மாட்டார்கள். பெரிய தொகை வேண்டாம், குப்பி வாங்கவும் தொலைபேசவும் போதுமானது. கோபத்தில் "கொஞ்ச நாள் கஷ்டப்படட்டும்" என்று விட்டால், அந்தக் கஷ்டத்தை வட்டியோடு வேறொருவன் வாங்கிக்கொள்வான். தெரியாத கணக்குக்குக் காசு போடச் சொன்னால் போடாதீர்கள், அதே நேரம் பிள்ளையைத் திட்டவும் வேண்டாம். பாதுகாப்பு எண் எடுக்காவிட்டால் பிரதான எண்ணுக்கு எடுத்து, அன்று கடமையில் உள்ள சிறைப் பொறுப்பதிகாரியை (டியூட்டி கவர்னர்) கேளுங்கள், இல்லாவிட்டால் சாப்ளினைக் கேளுங்கள். எடுத்த திகதி, நேரம், பேசியவர் பெயர் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். பின்னர் முறைப்பாடு எழுத அது உதவும். எனக்கு உதவியது, மன்னிப்புக் கடிதம் ஒன்று வந்தது. குரல்பெட்டியைத் தினமும் கேட்பதாக அதில் எழுதியிருந்தார்கள். போன மாதம் சும்மா ஒருதரம் அழைத்துப் பார்த்தேன். நிரம்பவில்லை. எடுக்கவும் இல்லை. ஒரு நட்சத்திரத்தை அப்படியே விடுகிறேன்.

கிழமை நாட்களில் பிற்பகல் நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள். சனி, ஞாயிறில் நாய்ச் சோதனை வரிசை நீண்டு, உங்கள் ஒரு மணி நேரத்தில் கால் மணி நேரம் வாசலிலேயே போய்விடும். அரச உதவிப்பணத்திலோ குறைந்த வருமானத்திலோ இருக்கும் நெருங்கிய உறவினருக்குப் பயணச் செலவு திரும்பக் கிடைக்கும், சந்திப்பு முடிந்து 28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ரயில் டிக்கெட்டை எறிந்துவிடாதீர்கள்.